ஜெயா சித்தியைத் திரும்பச் சேர்த்த கதை

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை. எங்கள் ஊர் சர்ச்சில், எங்கள் பேச்சில் கோயிலில், முதல் பாட்டு தொடங்குகிற நேரத்தில் வடக்குப் பக்கத்து மூன்றாவது ஜன்னலுக்கு வெளியே ஒரு ஸ்கூட்டர் வந்து நிற்கும். ஸ்டாண்ட் போடுகிற சத்தம் ‘டக்’கென்று உள்ளே கேட்கும். அடுத்த நொடி ஜன்னல் கம்பி வழியாக ஒரு குரல் நுழையும்.

கனத்த பெண் குரல். ஆல்ட்டோ என்பார்கள்; மேலே பறக்காது, பாட்டின் அடியில் ஓடும். உள்ளே பாடகர் குழுவில் பத்துப் பேர் கஞ்சி போட்ட வெள்ளைப் புடவையில் நின்று பாடுவதை, வெளியே ஸ்கூட்டர் சீட்டில் உட்கார்ந்திருக்கிற அந்த ஒற்றைக் குரல் தாங்கிப் பிடிக்கும்.

அதுதான் என் ஜெயா சித்தி, அம்மாவின் தங்கை. அருமனைப் பக்கம் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிற எங்கள் ஊரில், ஒரு வாரம் தவறாமல் கோயிலுக்கு வந்து, கோயிலுக்குள் காலே வைக்காத ஒரே ஆள். எட்டு வருஷம் அப்படி வந்தாள். மழைக்கு ரெயின்கோட், வெயிலுக்குக் குடை. பிரசங்கம் நீண்டால் ஜன்னலிலிருந்து ஒரு பெரிய கொட்டாவி வரும். போதகர் உடனே “கடைசியாக” என்பார்.

போன வாரம், நான் சபைக் கமிட்டிக்குத் தேர்வான கூத்தை இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். படித்துவிட்டு மூன்று பேர் அம்மாவிடம் புகார் சொன்னார்களாம். “ஒனக்கு எழுத வேற வீடு கெடைக்கல்லியாட்டி?” என்றாள் அம்மா. கிடைக்கவில்லை. அதனால் இந்த வாரமும் எங்கள் வீட்டு ஆள்தான்.

பாயசம்

சித்தி ஏன் வெளியே? ஊரில் யாரைக் கேட்டாலும் முதலில் சிரிப்பார்கள். பிறகு “பாயசம்” என்பார்கள்.

அறுப்பின் பண்டிகை முடிந்ததும் எங்கள் கோயில் முற்றத்தில் அன்பின் விருந்து நடக்கும். பந்தல், வாழையிலை, ஆட்டுக்கறி, கடைசியில் சிறுபயறுப் பாயசம். ஊரே ஒரே வரிசையில் உட்கார்ந்து தின்ன வேண்டும் என்பதற்காகத்தான் அதற்கு அந்தப் பெயர். அந்த வருஷம் நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். எனக்கு அப்பளம் போடுகிற வேலை, சித்திக்குப் பாயச வாளி.

கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுகிற தாசன் அண்ணன் முதல் பந்தியில் வந்து உட்கார்ந்து இலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். அப்போது சபைச் செயலராக இருந்தவர் பொன்னையா மாமா. அவர் வந்து, “தாசா, எழும்பு. நீ கடைசிப் பந்தியில இரி” என்றார்.

“எதுக்கு அவர எழுப்புதிய?” என்று சித்தி கேட்டாள்.

“எல்லாத்துக்கும் ஒரு ஒழுங்கு வேண்டாமா ஜெயா?”

“என்ன ஒழுங்கு?”

“நீ பாயசத்த மட்டும் ஊத்து.”

சித்தி ஊற்றினாள். செயலரின் தலையில், முழு வாளியையும்.

ஆறின பாயசமாக இருந்தது கடவுள் கிருபை. அவருடைய மூக்குக் கண்ணாடியில் ஒரு முந்திரிப்பருப்பு ஒட்டி நின்றதை இந்தக் கண்ணால் பார்த்தேன்.

அத்தோடு நிறுத்தியிருந்தால் சித்திக்கு அன்றே சிலை வைத்திருப்பார்கள். அவள் நிறுத்தவில்லை. பந்தலில் அறிவிப்புக்கு வைத்திருந்த மைக்கைப் பிடுங்கி, செயலரை அஞ்சாறு வாக்கியம் கிழி கிழியென்று கிழித்தாள். செயலரின் மனைவி எஸ்தர் டீச்சர் நான்கு இலை தள்ளி உட்கார்ந்திருந்தார். பாடகர் குழுவில் சித்திக்குப் பக்கத்தில் நிற்பவர் அவர்தான். சண்டே ஸ்கூல் காலத்திலிருந்தே இருவரும் கூட்டாளிகள்.

பொன்னையா மாமா முகத்தைத் துடைத்துக்கொண்டே கத்தினார். “ஒன்ன சபையில இருந்து நீக்கியாச்சு! கேட்டியா? நீக்கியாச்சு!” மைக் அணைக்கப்படவில்லை. அடுத்த ஊருக்கும் கேட்டது.

அடுத்த ஞாயிறு சித்தி உள்ளே வரவில்லை. வேறு சபைக்கும் போகவில்லை. எங்கள் பக்கத்தில் அது பெரிய காரியமே இல்லை, திரும்புகிற இடத்திலெல்லாம் ஒரு சபை இருக்கிறது. “அங்க போயி ஆருக்கு ஆல்ட்டோ பாட?” என்று கேட்டுவிட்டு, ஸ்கூட்டரை ஜன்னலோரம் நிறுத்தினாள்.

அஞ்சுகிராமத்து மாப்பிள்ளை

சித்தியின் மகள் ஜினிக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளைக்கு அஞ்சுகிராமம். நல்ல ஆட்கள், எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்கள். ஒன்றே ஒன்றுதான் கேட்டார்கள். கல்யாணம் பெண்ணின் சபையில் முறைப்படி நடக்க வேண்டும்.

முறை என்றால் முதலில் ஓலை வாசிக்க வேண்டும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம், தடை இருந்தால் தெரிவியுங்கள் என்று மூன்று ஞாயிறு கோயிலில் அறிவிப்பதுதான் ஓலை. அதற்குப் பெண்ணைப் பெற்றவர்கள் சபையில் இருக்க வேண்டும். சித்தப்பா மஸ்கட்டில் இருந்தபடி போனில் கவலைப்பட்டார். சித்தி ஸ்கூட்டரில் இருந்தாள்.

கல்யாணத்துக்கு முன்னால் மூன்றே ஞாயிறுதான் மிச்சம். கமிட்டியில் பேசினோம். ஜெயா சபை முன்னால் நின்று மன்னிப்புக் கேட்கட்டும், நாங்கள் திரும்பச் சேர்த்துக்கொள்கிறோம், அன்றைக்கே முதல் ஓலையை வாசித்துவிடலாம் என்று முடிவானது.

மன்னிப்புக் கடிதத்தை நானே எழுதித் தருகிறேன் என்று கெத்தாகக் கையைத் தூக்கினேன். பி.இ. முடித்துவிட்டு ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வாடிக்கையாளர் கடிதம் எழுதுகிறவள் நான். பத்து நிமிஷத்தில் போனிலேயே தட்டி முடித்து, ஒரு தாளில் பிரின்ட் எடுத்துச் சித்தி வீட்டுக்குக் கொண்டுபோனேன். ‘கடந்த காலத்தில் நிகழ்ந்த விரும்பத்தகாத சம்பவத்தால் சபையாருக்கு ஏற்பட்ட அசௌகரியத்துக்கு மனப்பூர்வமாக வருந்துகிறேன்.’

சித்தி கண்ணாடியைப் போட்டுப் படித்தாள்.

“ஏட்டி, திருவனந்தபுரம் பாசஞ்சர் லேட்டானா ஸ்டேசன்ல இதத்தானே சொல்லுவான்?”

“மன்னிப்புன்னா இப்பிடித்தான் சித்தி எழுதுவாங்க.”

“ஆருகிட்ட மன்னிப்பு?”

“சபைகிட்ட.”

“சபைக்கு என்ன வந்துச்சு? ஒரு வாளி பாயசம் கொறஞ்சு போச்சு. அவ்வளவுதானே?”

உள்ளேயிருந்து ஜினி கத்தினாள். “அம்மா, எனக்குக் கல்யாணம் கழியணுமா வேண்டாமா? எனக்கு வேண்டியாவது அந்தக் கடலாசைப் பாத்து வாசியேன்!”

சித்தி தாளை மடித்து என் கையிலேயே திருப்பித் தந்தாள். அதை நான் திமிர் என்று எடுத்துக்கொண்டேன்.

சூப்பும் வலையும்

இந்த இடத்தில் கொஞ்சம் ஊர் சுற்றிவிட்டு வருகிறேன்.

எங்கள் போதகர் சின்ன வயசுக்காரர், சாயங்காலமானால் பாட்மின்டன் ஆடுகிறவர். அவர்தான் கமிட்டியில் ‘ரெஸ்டோரேஷன்’ என்ற சொல்லை எடுத்துவிட்டார். எனக்குத் தெரிந்த ரெஸ்டோரேஷன் யூடியூபில் வருகிறதுதான். துருப்பிடித்த வெட்டுகத்தியைத் தேய்ப்பான், கழுவுவான், மறுபடி தேய்ப்பான், கடைசியில் முகம் பார்க்கலாம். சோறு தண்ணி இல்லாமல் பார்ப்பேன். சித்தியின் கேஸும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். நல்லாத் தேய்த்தால் பளபளத்துவிடும்.

சொல்லை நோண்டினால் வேடிக்கை வேடிக்கையாக வந்தது. லத்தீனில் அது இடிந்ததைத் திரும்பக் கட்டுகிற வேலை. ரெஸ்டாரன்ட் என்கிறோமே, அதுவும் அதே குடும்பம்தான். முதலில் அது கடையின் பெயரே இல்லையாம், நோஞ்சான்களுக்குத் தெம்பு திரும்புவதற்காகக் கொடுத்த ஒரு சூப்பின் பெயராம். சூப் விற்ற கடைக்கு சூப்பின் பெயரே ஒட்டிக்கொண்டது.

ஆதிச் சபைகளில் தப்புப் பண்ணினவர்களை நிறுத்துவதற்குப் படிப்படியாக இடம் வைத்திருந்தார்கள். முதலில் வாசலுக்கு வெளியே நின்று, உள்ளே போகிறவர்களிடம் எனக்காக ஜெபியுங்கள் என்று அழ வேண்டும். அப்புறம் வாசலுக்குள் ஓரமாக நின்று கேட்கலாம். அப்புறம் முழங்கால் போடலாம். அப்புறம் மற்றவர்களோடு நிற்கலாம். வருஷக்கணக்காகும். ஈஸ்டருக்கு முந்தின வியாழக்கிழமை அவர்களைத் திரும்பச் சேர்ப்பார்கள்.

முதலில் எனக்கு எரிச்சல் வந்தது, என்ன கொடுமை இது என்று. யோசித்தால் பிரமிப்பாக இருக்கிறது. இப்போது நாம் ஒருத்தரைப் பிடிக்கவில்லையென்றால் பிளாக் பண்ணிவிட்டுப் போகிறோம், கதவே கிடையாது. அவர்கள் வெளியே அனுப்பும்போதே உள்ளே வருகிற வழியையும் போட்டு வைத்திருக்கிறார்கள். சித்தியிடம் சொன்னேன். “அழுகவங்க, கேக்கவங்க, முழங்கால் போடுகவங்க, நிக்கவங்க. சரி, ஸ்கூட்டர்ல இருக்கவங்களுக்கு எந்தப் படிட்டி?” என்று கேட்டாள்.

போதகர் இன்னொன்றும் சொன்னார். விழுந்த ஆளைச் சீராக்குவதற்குப் பழைய கிரேக்கத்தில் எந்தச் சொல்லோ, அதே சொல்தான் விலகின எலும்பைப் பொருத்துவதற்கும் வலையின் கிழிசலைக் கட்டுவதற்கும். எனக்கு உடனே கடியப்பட்டணம் கடற்கரை ஞாபகம் வந்தது. கல்லூரியில் கூடப் படித்தவளின் வீடு அங்கே. அவளுடைய அப்பா மணலில் வலையை விரித்துப்போட்டு, கிழிந்த இடத்தைச் சுற்றிக் கத்தியால் இன்னும் வெட்டிக்கொண்டிருந்தார். கையகல ஓட்டை முறம் அளவுக்குப் போனது.

“ஏன் மாமா பெருசாக்குதிய?”

“நல்ல கண்ணி வர்ற வரைக்கும் வெட்டணும் மக்கா. இத்துப்போன நூலுல முடிச்சு நிக்காது.”

மினிட்ஸ் புத்தகம்

திரும்பச் சேர்க்க வேண்டுமானால், நீக்கின தீர்மானத்தின் தேதி வேண்டும். அதை எடுத்து வரச் சொல்லி என்னை அனுப்பினார்கள். சபை அலுவலக அலமாரியில் பாச்சா என்கிற கரப்பானும் தூசியும். அந்த வருஷத்து மினிட்ஸ் புத்தகத்தை எடுத்தேன். மணிக்கயிறு மாற்றினது இருக்கிறது. ஓடு ஒழுகினது இருக்கிறது. பாயச வாளி நெளிந்ததால் புதிது வாங்கத் தீர்மானித்ததுகூட இருக்கிறது. சித்தியை நீக்கினது இல்லை.

மூன்று தடவை புரட்டினேன். இல்லவே இல்லை.

அப்போதே பொன்னையா மாமா வீட்டுக்கு ஓடினேன். மனுஷன் இப்போது தலை முழுக்க வெளுத்து, கோழிக்குத் தவிடு பிசைந்துகொண்டிருந்தார்.

“எழுதல்ல மோளே,” என்றார். “அண்ணைக்குச் சாயங்காலமே எழுத உக்காந்தேன். எஸ்தர் வந்து பேனாவப் புடுங்கிட்டா. நீங்க அவ பேர எழுதுனா அதுக்குக் கீழ எனக்க பேரயும் சேத்து எழுதுங்கன்னு சொன்னா.”

“பின்ன ஏன் யாருகிட்டயும் சொல்லல்ல?”

“சொல்லப்பிடாதுன்னும் அவதான் சொன்னா.” அவர் கையைக் கழுவினார். “நானும் தாசன்கிட்ட அப்பவே போயி மன்னிப்பு கேட்டுட்டேன். அவன் வீட்டுல உக்காந்து சோறும் தின்னேன். இந்த ரெண்டு பேரு காரியந்தான் எனக்கு ஒண்ணும் புரியல்ல.”

வேலை முடிந்தது என்று குதித்துக்கொண்டு சித்தி வீட்டுக்கு வந்தேன். “சித்தி, நீங்க வெளியவே போகல்ல! எட்டு வருஷமா வெறுதே ஸ்கூட்டர்ல இருந்திருக்கிய!” பேனா கதையையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

ஜினி கைதட்டினாள். சித்தி அடுப்பை அணைத்தாள்.

“எஸ்தரா?”

“டீச்சரேதான்.”

“மைக்குல நான் கடைசியா என்ன சொன்னேன்னு ஒனக்கு ஓர்ம இருக்கா?”

எனக்கு முந்திரிப்பருப்புதான் ஞாபகம் இருந்தது.

“ஒருத்தருக்கும் ஓர்ம இருக்காது. எல்லாருக்கும் பாயசந்தான்.” சித்தி தரையைப் பார்த்துச் சொன்னாள். “மனுசன இலைக்கு முன்னால இருந்து எழுப்புதவனுக்கு ஆண்டவர் எப்பிடிப் பிள்ளை குடுப்பாருன்னு கேட்டேன். அதுக்கு ரெண்டு மாசம் முன்னாலதான் எஸ்தருக்கு மூணாவது கருவும் தங்காமப் போச்சு. எனக்கு மட்டுந்தான் தெரியும்.”

கடிதம் எழுதித் தருகிறேன் என்று பீத்தினவள் நான்.

ஜினிதான் முதலில் பேசினாள். “அம்மா, முடிஞ்சத ஏன் நோண்டுத? அதான் நீக்கவே இல்லியே. ஞாயிற்றுக்கிழமை உள்ள வந்து பேசாம இரி. அவுக வீட்டு ஆளுங்க எல்லாரும் வருவாங்க. நீ வாயத் தொறந்து அங்க பழைய சண்ட கெளம்புனா என் ஓலை அன்னைக்கு வாசிக்கமாட்டாங்க.”

சித்தி மகளின் தலையைத் தடவினாள்.

உள்ளே

அந்த ஞாயிறு சித்தி வாசல் வழியாக உள்ளே வந்தாள். அஞ்சுகிராமத்துக்காரர்கள் இரண்டாவது பெஞ்சில் இருந்தார்கள். நீக்கின பதிவு ஒன்றும் இல்லை, ஆகவே சகோதரி எப்போதும் போல சபையில்தான் இருக்கிறார் என்று போதகர் வாசித்தார். விஷயம் அத்தோடு முடிந்திருக்கும்.

“ஐயா, ஒரு வார்த்த,” என்று சித்தி எழுந்தாள். ஜினி கண்ணை மூடிக்கொண்டாள்.

“பாயசம் ஊத்துனதுக்கு நான் மன்னிப்பு கேக்கப் போறதில்ல. இன்னும் ஒருத்தர இலையில இருந்து எழுப்புனா இன்னும் ஊத்துவேன்.” கோயிலே சிரித்தது. முதலில் சிரித்தவர் பொன்னையா மாமா. “ஆனா அண்ணைக்கு மைக்குல பொன்னையா அண்ணனச் சொல்லுத மாதிரி எஸ்தர ஒரு வார்த்த சொன்னேன். அத இங்க திரும்பச் சொல்லமாட்டேன், ஒருக்கா சொன்னதே போதும். என்ன ஆரும் நீக்கி நான் வெளிய நிக்கல்ல. அவ மொகத்தப் பாக்க வெக்கப்பட்டு நிண்ணேன். எஸ்தரே, தப்பு செஞ்சிட்டேன்.”

எங்கள் ஊரில் தைரியம் என்றால் பாயச வாளியைத்தான் சொல்வார்கள். நான் இதைச் சொல்வேன். சம்பந்தி வீட்டார் முன்னால், மகளின் ஓலை தொங்கிக்கொண்டிருக்கும்போது, யாரும் கேட்காத மன்னிப்பை எழுந்து நின்று கேட்க என்னால் ஆகாது.

ஏற்றுக்கொள்கிற சபையார் எழுந்து நில்லுங்கள் என்றார் போதகர். பெஞ்சுகள் கிறீச்சிட்டன. எல்லாரும் நின்றார்கள். ஒன்றும் தெரியாத அஞ்சுகிராமத்துக்காரர்களும் நின்றார்கள். பாடகர் குழுவில் ஒருவர் மட்டும் மடியில் பாட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தே இருந்தார். எஸ்தர் டீச்சர்.

முதல் ஓலை வாசிக்கப்பட்டது. தடை சொல்ல யாரும் இல்லை. அப்பமும் ரசமும் வாங்குகிற திருவிருந்துக்கு எல்லாரும் வரிசையில் போனபோது சித்தியைக் காணவில்லை. ஸ்கூட்டருக்குப் போய்விட்டாள்.

ஆராதனை முடிந்து வெளியே வந்த எஸ்தர் டீச்சர் ஸ்கூட்டருக்கு முன்னால் நின்றார். நான் மூன்றடி தள்ளி இருந்தேன்.

“எட்டு வருஷமா ஜன்னலுக்க பக்கத்துல வந்து இருந்து எனக்க காதுல பாடுனியே,” என்றார். “எனக்க வீடு ரெண்டு வளைவு தள்ளித்தானே? அங்க ஒரு நாளு வந்து நிண்ணியாட்டி?”

பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விட்டார்.

இரண்டாவது ஞாயிறு. இரண்டாவது ஓலை. சித்தி பழையபடி ஸ்கூட்டரில் வந்து உட்கார்ந்தாள், ஆனால் பாடவில்லை. உள்ளே பாட்டு நொண்டியது. “அதான் சேத்தாச்சே, பின்ன என்ன கேடு இவளுக்கு?” என்று ஆளாளுக்கு என்னைக் கேட்டார்கள், கமிட்டி மெம்பராம் நான். சேர்க்கிறது கமிட்டியின் வேலையே இல்லை என்று எனக்கு அப்போதுதான் லேசாக உறைக்கத் தொடங்கியிருந்தது.

மூன்றாவது ஓலை

மூன்றாவது ஞாயிறு ஸ்டாண்ட் சத்தமே கேட்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே வெறும் முற்றம். பாடகர் குழுவைப் பார்த்தேன், எஸ்தர் டீச்சரின் இடமும் காலி. பெண்ணைப் பெற்றவள் இல்லாமலே கடைசி ஓலை வாசிக்கப்பட்டது. ஜினி என்னைப் பார்த்தாள். நான் பொன்னையா மாமாவைப் பார்த்தேன். அவர் கடைசி பெஞ்சில் தனியாக இருந்தார்.

ஆராதனை முடிந்ததும் அவரைப் பிடித்தேன்.

“காலத்த ஏழு மணிக்கே ஜெயா வந்து வாசல்ல நிண்ணா மோளே,” என்றார். “அதுல இருந்து எனக்கு ஒரு சாயாகூட கிட்டல்ல. நீங்க கோயிலுக்குப் போங்கன்னு எறக்கி விட்டுட்டாளுவ.”

ரெண்டு வளைவையும் ஓடித்தான் கடந்தேன். முன்வாசல் திறந்து கிடந்தது. பின்னால் அடுக்களையில் மரச்சீனிக் கிழங்கு வெந்த வாசம். சித்தி பலகையில் உட்கார்ந்திருந்தாள், கண்ணும் மூக்கும் சிவந்து வீங்கியிருந்தன. எஸ்தர் டீச்சர் சாளை மீனைக் கழுவிக்கொண்டே பேசிக்கொண்டிருந்தார்.

“…அந்த மழைக்காலத்துலதான் எங்க அம்ம செத்துப்போச்சு. பொட்டிய எடுக்கும்போ பாட்டு பாட எனக்க பக்கத்துல ஆருட்டி நிண்ணா? நீ கேட்டுக்கு வெளிய நிண்ண. பாத்தேன். எல்லாத்தயும் பாத்துட்டுதான் இருந்தேன்…”

என்னைக் கண்டதும் நிறுத்தினார்.

“ஓலை வாசிச்சாச்சா?”

“வாசிச்சாச்சு டீச்சர்.”

“தடை?”

“ஒண்ணும் இல்ல.”

“நல்லது,” என்று மறுபடி மீனுக்குத் திரும்பினார்.

“ரெண்டு பேரும் ஏன் கோயிலுக்கு வரல்ல?” என்றேன். “எல்லாரும் தேடுனாங்க.”

“எங்க வர?” என்றார் டீச்சர். “காலத்த இருந்து ஒவ்வொரு வருஷமா சொல்லிட்டே இருக்கேன். இப்பதான் மூணாவது வருஷத்துக்கு வந்திருக்கேன்.”

சித்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, என்னைப் பார்த்து வாசல் பக்கம் கையைக் காட்டினாள்.

“நீ போட்டி மக்கா. இன்னும் அஞ்சு வருஷம் கெடக்கு.”